கேபிளா, டெலிபோன் லைனா, ஃபைபரா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு நெட் இணைப்பு தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

வீட்டுக்கு நெட் போட வேண்டும் என்றதும் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ், மாசம் எவ்வளவு?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் தெரிய வேண்டியவை இரண்டு. தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்குள் வரப்போகும் ஒயர் எந்த வகை? அது அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரப்போவது யார்?

நம் ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் நகராமல் நின்றதில் புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 செ.மீ. மழை கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் எந்த ஒயர் தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் நல்ல ஒயர். விளம்பரத்தில் இருக்கும் வேகம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: தெருவில் இறங்கிக் கம்பத்தைப் பாருங்கள்

கஸ்டமர் கேருக்குப் போன் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். திருப்பாதிரிப்புலியூர் சந்துகளிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு கம்பத்தை அண்ணாந்து பார்த்தால் நாலைந்து வகை ஒயர்கள் சுற்றிக் கிடக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டெலிபோன் ஒயர்: உள்ளே இரண்டு செம்பு இழை மட்டுமே இருக்கும் மெல்லிய கறுப்பு ஒயர். சுவரில் ஒரு சின்ன டப்பாவில் வந்து முடியும். இதில் வருவதுதான் டிஎஸ்எல்.

கோஆக்சியல் ஒயர்: கேபிள் டிவிக்கு வரும் உருண்டையான ஒயர். நடுவில் ஒரே ஒரு கம்பி, சுற்றிலும் பின்னல். முனையில் திருகி மாட்டும் கனெக்டர் இருக்கும்.

லேன் ஒயர்: உள்ளே எட்டு இழை, முனையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பிளக். கம்பத்திலோ யாருடைய மாடியிலோ இருக்கும் ஒரு தகர டப்பாவிலிருந்து வரும்.

ஃபைபர்: தட்டையான மெல்லிய கறுப்பு ஒயர், பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். வீட்டுக்குள் பச்சை அல்லது நீல நிற முனையில் முடியும்.

உங்கள் வாசலிலிருந்து இரண்டு மூன்று கம்பங்களுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மையில் உங்களுக்குக் கிடைக்கும். "உங்க ஏரியாவுக்கு வந்துடுச்சு சார்" என்று போனில் சொல்வதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

படி 2: உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

எம்பிபிஎஸ் என்பது மெகா பிட். நாம் படம் இறக்கும்போது பார்ப்பது மெகா பைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகா பைட்தான்.

ஒரு டிவியில் எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றால் 15லிருந்து 25 வரை. ஆளுக்கொரு போன், ஒரு டிவி, பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்று நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் நிம்மதியாகப் போதும்.

கவனிக்க வேண்டியது அப்லோடு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், டியூஷன் எடுப்பவர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு தினமும் வீடியோவில் பேசும் பெற்றோர், வாசலில் கேமரா வைத்திருப்பவர் எல்லோருக்கும் வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம்தான் தடுக்கும். நல்ல வீடியோ அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். எந்த ஒயர் என்பதை முடிவு செய்வதே இந்த ஒரு எண் என்று சொல்லலாம். ஏனென்று அடுத்துப் பார்ப்போம்.

படி 3: டெலிபோன் லைன் (டிஎஸ்எல்) யாருக்குச் சரிப்படும்?

போனில் பேசுவதற்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைவரிசை மட்டுமே தேவை. அதற்கு மேலே சும்மா கிடந்த இடத்தில் நெட்டை ஏற்றி அனுப்புவதுதான் டிஎஸ்எல். பேச்சையும் நெட்டையும் பிரிப்பதற்குத்தான் அந்தச் சின்ன ஸ்ப்ளிட்டர் டப்பா. பிஎஸ்என்எல் 2005 தொடக்கத்தில் இப்படித்தான் ஊர் ஊராகப் பிராட்பேண்ட் கொடுத்தது. 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்று அரசே சொன்ன காலம் அது. 2023 ஜனவரியில் அந்த வரம்பு 2 எம்பிபிஎஸ் ஆனது.

டிஎஸ்எல்லில் நல்ல விஷயம், அந்த இரண்டு இழையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கென்றே வருகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் என்ன பார்த்தாலும் உங்கள் ஒயரில் கூட்டம் சேராது. கெட்ட விஷயம் தூரம். ஏடிஎஸ்எல்2+ என்ற வகை ஏட்டில் 24 எம்பிபிஎஸ் தரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து 1 கி.மீ.க்குள் இருந்தால் 20ஐத் தொடலாம். 3 கி.மீ. ஆனால் 8க்குப் பக்கம், 5 கி.மீ. ஆனால் ஒன்றோ இரண்டோதான். இது ஒயர் சுற்றிவரும் தூரம். மேப்பில் பார்க்கும் நேர்கோட்டுத் தூரம் அல்ல. அப்லோடோ எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் 1 எம்பிபிஎஸ் சுற்றித்தான். விடிஎஸ்எல் என்ற புதிய வகை 100 வரை போகும், ஆனால் சில நூறு மீட்டருக்குள் இருந்தால்தான்.

ஏற்கெனவே டிஎஸ்எல் இருக்கிறது, வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று குழம்புகிறவர்கள் இரண்டு சோதனை செய்து பாருங்கள்.

முதலாவது, ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு பட்டனை மட்டும் அழுத்திவிட்டுக் காதில் வையுங்கள். டயல் டோன் நின்றபின் அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் எங்கோ ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது. நெட் அறுந்து அறுந்து வருவதற்கும் அதுதான் காரணம்.

இரண்டாவது, பிரவுசரில் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து (முகவரி பெரும்பாலும் 192.168.1.1) இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் தேயும் அளவு, 30 டெசிபலுக்குக் கீழே இருந்தால் லைன் நல்ல லைன். 50ஐத் தாண்டினால் மோடத்தை மாற்றியும் பயனில்லை, தூரம்தான் பிரச்சினை. எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சமிருக்கும் பலம், 6 டெசிபலுக்குக் கீழே போனால் மழைத் தூறலுக்கே நெட் விழும். அட்டெனுவேஷன் குறைவாக இருந்தும் மார்ஜின் மோசம் என்றால் கோளாறு ஜாயின்டில் இருக்கிறது, சரிசெய்யலாம். இந்த எண்களைச் சொல்லிப் புகார் கொடுத்தால் லைன்மேனும் நேரே விஷயத்துக்கு வருவார்.

பல எக்ஸ்சேஞ்சுகளில் செம்பு லைனைக் கைவிட்டு ஃபைபருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக டிஎஸ்எல் கேட்டு அலைய வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஃபைபர் இன்னும் எட்டாத தெருவில், எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில், சத்தமில்லாத லைன் வைத்திருப்பவர் மட்டும் அது வரும்வரை ஓட்டலாம்.

படி 4: "கேபிள் நெட்" என்றால் எது என்று கேட்டுத் தெளியுங்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். கேபிள்காரர் தருவதெல்லாம் நம் ஊரில் கேபிள் நெட். ஆனால் அதற்குள் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது.

ஒன்று, டிவி வரும் அதே கோஆக்சியல் ஒயரில் கேபிள் மோடம் வைத்துத் தருவது. உலகத்தில் "கேபிள் இன்டர்நெட்" என்று பேசும்போது இதைத்தான் சொல்வார்கள். வேகம் டிஎஸ்எல்லை விட எவ்வளவோ மேல், டாக்சிஸ் 3.0 என்ற முறையில் 8 சேனலைச் சேர்த்தால் 400 எம்பிபிஎஸ் வரை அனுப்பலாம். ஆனால் அந்த 400 அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் சேர்த்து. ராத்திரி 8 மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தால் உங்கள் பங்கு சுருங்கும். அப்லோடு இங்கேயும் டவுன்லோடை விடக் குறைவுதான்.

இரண்டாவது, லேன் ஒயர். தெரு வரை ஃபைபரில் கொண்டுவந்து ஒரே இணைப்பைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்விட்ச் டப்பாவில் இறக்கி, அங்கிருந்து மாடி மாடியாக லேன் ஒயரை இழுத்துவிடுவது. நம் தெருக்களில் கேபிள் நெட் என்ற பெயரில் பல வருடம் ஓடியது பெரும்பாலும் இதுதான். லேன் ஒயருக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் இழுத்தால் சிக்னல் தடுமாறும். வீட்டுக்குள் ஓட்டுவதற்குச் செய்த ஒயரை வெயிலில் போட்டால் மேல்தோல் வெடித்துத் தண்ணீர் இறங்கும். பக்கத்தில் இடி விழுந்தால் செம்பு வழியாக வந்து ரவுட்டர் போர்ட்டைக் கருக்கிவிடும். அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் யார் வீட்டிலிருந்து வருகிறது என்பது இன்னொரு கேள்வி.

மூன்றாவது, கேபிள்காரரே வீடுவரை ஃபைபர் இழுப்பது. இது முதல் இரண்டோடும் சேராது. நேராக ஃபைபர் கணக்கில் வையுங்கள். சொல்லப்போனால் பிஎஸ்என்எல் ஃபைபரையே பல இடங்களில் இழுத்துப் பராமரிப்பவர் வருமானத்தில் பங்கு பெறும் உள்ளூர் ஆள்தான், அவர் உங்கள் கேபிள்காரராகவே இருக்கலாம். அதனால் கம்பெனிப் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அந்தத் தெருவுக்கு யார் ஆள் என்று விசாரியுங்கள்.

வீடுவரை ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு இழையில் 2.5 ஜிபிபிஎஸ் வருகிறது. அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடும். பங்குதான் என்றாலும் பெரிய பானையிலிருந்து பங்கு. 20 கி.மீ. வரை தூரம் ஒரு பொருட்டில்லை. அப்லோடும் டவுன்லோடும் பெரும்பாலும் ஒரே அளவில் தருகிறார்கள். வீடுவரை ஃபைபர் நல்ல ஆள் கையில் கிடைத்தால் மற்ற இரண்டையும் யோசிக்கவே வேண்டாம்.

படி 5: மழை, உப்புக்காற்று, கரண்ட்

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் போல் கடலை ஒட்டிய வீடு என்றால் உலோகக் கனெக்டர் உள்ள எந்த ஒயரையும் சந்தேகத்தோடு பாருங்கள். மாடிச் சுவரில் இருக்கும் பழைய கோஆக்சியல் கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். திருகும் இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து, உள்ளே பின்னல் கறுத்து, சில நேரம் செம்பில் பச்சை படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். படம் கட்டம் கட்டமாக உடைவதும் மோடம் தானே நின்று நின்று வருவதும் இதனால்தான். புது கனெக்டர் அடித்து ரப்பர் டேப் சுற்றினால் சில மாதம் தாங்கும், அவ்வளவே. கண்ணாடி இழைக்கு இந்த அரிப்பு இல்லை. ஆனால் மரக்கிளை விழுந்தாலும், அணில், எலி கடித்தாலும் ஃபைபர் அறுந்துதான் போகும். அதை உருக்கி ஒட்டும் மெஷின் உங்கள் ஆளிடம் சொந்தமாக இருக்கிறதா, வாடகைக்கு எடுத்து வருவாரா என்று கேட்டு வையுங்கள். ஒரு மணி நேர வேலை மூன்று நாள் ஆவது பெரும்பாலும் அந்த மெஷினுக்காகக் காத்திருந்துதான்.

தண்ணீர் தேங்கும் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமும், தென்பெண்ணைக் கரையோர நாணமேடு, கண்டக்காடு பக்கமும் இருப்பவர்கள் தரையோடு இருக்கும் டெலிபோன் பில்லர் பெட்டியையும் சுவரில் தாழ்வாக மாட்டிய டப்பாக்களையும் கவனியுங்கள். செம்பு ஜாயின்ட் ஒரு முறை நனைந்தால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வருவதில்லை.

கரண்ட் விஷயத்தில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதாது. வழியில் உள்ள எல்லாக் கருவிக்கும் கரண்ட் வேண்டும். கோஆக்சியல் என்றால் தெருவில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், லேன் ஒயர் என்றால் ஸ்விட்ச். தெருவில் கரண்ட் போனால், அவற்றுக்கு பேட்டரி இல்லையென்றால், உங்கள் வீட்டு மோடம் எரிந்துகொண்டே இருக்கும், நெட் இருக்காது. ஜிபான் ஃபைபரில் நடுவழியில் இழையை வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. ஆபரேட்டர் முனையிலும் உங்கள் முனையிலும் இருந்தால் சரி. செம்பு டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருவதால் கரண்ட் இல்லாதபோதும் போன் பேசும். ஃபைபருக்கு மாறினால் அந்த வசதி போய்விடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

படி 6: லைன்மேனிடமும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்

கஸ்டமர் கேர் சொல்லாததை உங்கள் தெருவில் ஏணி போடும் ஆள் சொல்வார். மரியாதையாக நேராகக் கேளுங்கள்:

"அண்ணே, எங்க வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் ஒயரா?"
"டப்பா எங்க இருக்கு? தெருவுல கரண்ட் போனாலும் நெட் வருமா?"
"ஞாயித்துக்கிழமை ஒயர் அறுந்தா நீங்க வருவீங்களா, வேற யாராச்சுமா?"

பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் உங்களுக்கு எத்தனை நாள்ல நெட் வந்துச்சுக்கா?" இதற்கு வரும் பதிலை விட நல்ல விளம்பரமும் இல்லை, நல்ல எச்சரிக்கையும் இல்லை. ஒரே தெருவில் மூன்று வீட்டில் கேட்டால் படம் தெளிவாகிவிடும்.

கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறக்கவோ வீட்டில் சர்வர் வைக்கவோ நினைப்பவர்கள் பொது ஐபி (உங்கள் வீட்டுக்கென்றே தனியான நெட் முகவரி) கிடைக்குமா என்றும் கேளுங்கள். சிறிய ஆபரேட்டர்கள் பலர் ஒரே ஐபியைப் பல வீட்டுக்குப் பகிர்கிறார்கள். சாதாரணப் பயன்பாட்டுக்கு இது தெரியவே தெரியாது.

படி 7: காசுக் கணக்கு

விளம்பர விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துப் பாருங்கள். 499 ரூபாய் பிளான் 588 ரூபாய் 82 காசு. "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும் மாதம் இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்ற வரி கீழே இருக்கும். 3,300 ஜிபி என்றால் சாதாரண வீடு தொடவே தொடாது. 300, 400 ஜிபி என்றால் தினமும் டிவி ஓடும் வீட்டுக்கு மாதக் கடைசியில் இடிக்கும்.

ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் முறையே கட்டாதீர்கள். ஒரு மாதம் போட்டுப் பார்த்து, அதுவும் முடிந்தால் மழை மாதமாகப் பார்த்து, பிறகு கட்டுங்கள். மோடம் உங்களுக்குச் சொந்தமா, டெபாசிட்டா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், அடிக்கடி மாறுவீர்கள், எந்த ஒயரும் எட்டவில்லை என்றால் 5ஜி சிக்னலில் ஓடும் வீட்டு நெட் டப்பாக்கள் உண்டு. டவர் பக்கத்தில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். புயல் நேரத்தில் டவர்களும் சேர்ந்து படுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 8: இணைப்புப் போடும் நாள்

கூடவே நில்லுங்கள். ஒயர் சுவருக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே வளைந்து தொங்கி, அப்புறம் மேலேறி ஓட்டைக்குள் போக வேண்டும். அப்படியிருந்தால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஓட்டையும் வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். ஃபைபரை முழங்கை மாதிரி மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். மூலைகளில் தாராளமாக வளைந்து வரட்டும். இரண்டு மூன்று மீட்டர் அதிகமாகச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் அறுந்தால் ஒட்டுவதற்கு உதவும்.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒளி அளவு என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 20 டிபிஎம் சுற்றி இருந்தால் அருமை. மைனஸ் 25 வரை பரவாயில்லை. மைனஸ் 27க்குக் கீழே போனால் அன்றைக்கே முனையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், அடுத்த நாள் வேண்டாம். அந்தத் திரையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோளாறு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தவர்கள் மோடத்தின் லேன் போர்ட் கிகாபிட்தானா என்று பாருங்கள். பழைய வகைப் போர்ட்டில் 95க்கு மேல் வராது. பழைய புதுச்சேரி வீடுகளின் தடித்த செங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது. முன்வாசலில் ரவுட்டரை வைத்துவிட்டுப் பின்கட்டில் நெட் வரவில்லை என்று ஆபரேட்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை; வீட்டு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

படி 9: முதல் வாரம்

லேப்டாப்பை லேன் ஒயரில் மாட்டி காலையில் ஒரு முறை, ராத்திரி 8 முதல் 10க்குள் ஒரு முறை வேகம் பாருங்கள். வைஃபையில் பார்த்த எண்ணை வைத்துப் புகார் சொன்னால் எடுபடாது. ராத்திரி வேகம் காலையில் இருந்ததில் பாதிக்குக் கீழே தினமும் விழுந்தால் தெருவுக்கு வரும் லைனிலேயே கூட்டம் அதிகம் என்று பொருள். பிளானை உயர்த்தினாலும் தீராது. ஆபரேட்டரை மாற்றுங்கள்.

கோளாறு என்றால் லைன்மேனுக்குப் போன் போட்டதோடு நிறுத்தாமல் கம்பெனியிலும் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீர்க்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறை இந்த இரண்டு அடுக்கையும் கட்டாயமாக்கியிருக்கிறது. புகார் எண் இல்லாவிட்டால் மேலே போக முடியாது.

பழைய டெலிபோன் லைனை இந்த ஒரு மாதமும் சரண்டர் செய்யாதீர்கள். புது இணைப்பு ஒழுங்காக ஓடிக் காட்டட்டும். அதே எண் வேண்டும் என்றால், லைனை ரத்து செய்யாமல் ஃபைபருக்கு மாற்றும் விண்ணப்பத்திலேயே எண்ணைத் தக்கவைக்கும்படி எழுதிக் கொடுங்கள். ரத்து செய்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். மாற்றம் முடிந்ததும் பழைய மோடம் வாடகைக்கு எடுத்தது என்றால் அதை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, டெபாசிட் பாக்கி இருந்தால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.